இறக்கத்தில் இரண்டாவது கியர்: முட்டி ஆபரேஷன் முடிந்த மலைப் பிள்ளைகளோடு சில வருடங்கள்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியில் நான் பிசியோதெரபி கிளினிக் திறந்த புதிதில் பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊரை ஹட்டி என்போம்) ஒரு பையன் வந்தான். 17 வயது, கால்பந்தில் நடுக்களம். காலை ஊன்றித் திரும்பும்போது முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஏசிஎல் அறுந்துவிட்டது. எங்கள் பக்கம் எதுவானாலும் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்றுதான் சொல்வார்கள். ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் கால் எலும்பையும் முட்டிக்குள் இழுத்துப் பிடித்திருக்கும் லிகமென்ட், ஒரு நார்ப்பட்டை. கோவையில் ஆபரேஷன் முடிந்து என்னிடம் வந்தான்.

ஆறாவது மாதம் அவன் ஓடுவதைப் பார்த்தால் எது ஆபரேஷன் கால் என்று எனக்கே தெரியவில்லை. குறுவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. பி.டி. மாஸ்டர் கேட்டார், அப்பா கேட்டார். பையன் வாயைத் திறக்கவில்லை, கண்ணாலேயே கேட்டான். "சரி, ஆடு" என்றேன். இரண்டாவது ஆட்டத்தில் அதே கால், அதே சத்தம்.

அன்றைக்கு நான் எதையும் அளந்து பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தேன், அவன் ஓட்டத்தைப் பார்த்தேன், அதோடு சரி. அமெரிக்காவின் டெலவேர், நார்வேயின் ஓஸ்லோ இரண்டு இடத்து ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2016-ல் வந்தது. ஒன்பது மாதம் வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக அதில் கண்டார்கள். அதே வருடம் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, 25 வயதுக்குள் விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு இந்த முட்டியிலோ அடுத்த முட்டியிலோ மறுபடி அறுகிறது என்றது. இளம் பிள்ளைகள்தான் சீக்கிரம் தேறுவார்கள் என்று நாம் நினைத்திருக்கிறோம். மறுபடி அறுத்துக்கொள்வதிலும் அவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள்.

இதில் ஒரு பொல்லாத பொருத்தம் உண்டு. டாக்டர் உள்ளே வைப்பது உடம்பின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாண், பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ. வைத்த நாளில் அது பலமாகத்தான் இருக்கும். அப்புறம் அதிலிருந்த பழைய செல்கள் மடிந்து, புதிய ரத்தக் குழாய்கள் ஓடி, மெல்ல மெல்ல லிகமென்டாக மாறும். நட்ட தேயிலை நாற்று வேர் பிடிக்கிற மாதிரிதான். ஏறத்தாழ 6 வாரத்திலிருந்து 12 வாரம் வரை அது மிகவும் பலவீனமாக இருக்கும். பிள்ளைக்கு வலி விட்டுப்போவதும், வீக்கம் வடிவதும், "எனக்குச் சரியாயிடுச்சு சார்" என்று வருவதும் அதே வாரங்களில்தான். அந்த வாரங்களில் வலியை நம்பித் திட்டம் போடக் கூடாது.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அரவேணுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் லைன் வீடு, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்தது. அம்மா கொழுந்து எடுக்கிறவர். 16 வயது, கபடியில் ரெய்டர். எதிர்க் களத்தில் போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது யாரும் பிடிக்காமலே கால் மடங்கி விழுந்தாள். ஏசிஎல் காயங்களில் பெரும்பாலானவை இப்படித்தான், யாரும் மோதாமல் நடப்பவை. பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைவிட அதிகமாகவே நடக்கிறது.

ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள் ஜீப்பில் வந்தாள். நான் முதலில் கேட்டது டிஸ்சார்ஜ் சம்மரியை. எந்த இடத்துத் தசைநாண், கூடவே மெனிஸ்கஸையும் (முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) தைத்திருக்கிறார்களா, இந்த இரண்டும் தெரியாமல் ஒரு பயிற்சியும் எழுத முடியாது. பின்தொடையிலிருந்து எடுத்திருந்தால் முதல் சில வாரம் பின்தொடைக்குப் பாரம் கொடுக்கக் கூடாது. மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் ஊன்றுவதிலும் மடக்குவதிலும் டாக்டர் சொன்ன எல்லைக்குள்தான் நிற்க வேண்டும். ஆழமாகக் குந்துவதை நாலைந்து மாதம் நினைத்தும் பார்க்கக் கூடாது. இவளுக்குப் பின்தொடைத் தசைநாண், மெனிஸ்கஸிலும் இரண்டு தையல். இதில் யாரும் கேட்காத ஒன்று கழிப்பறை. வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறைதான். "எப்படிம்மா போற?" என்று கேட்டதும் அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மெடிக்கலில் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். நான் எழுதிக்கொடுத்த பயிற்சிகளைவிட அந்த நாற்காலிதான் முதல் மாதத்தில் தையலைக் காப்பாற்றியிருக்கும்.

அடுத்தது தலையணை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வைத்திருந்தார் அம்மா. அப்படி வைத்தால் சுகமாக இருக்கும், வலி குறையும். ஆனால் முட்டி அரை மடக்கிலேயே நின்றுவிடும். முழுதாக நீளாத முட்டியோடு நடக்கிற பிள்ளைக்குத் தொடைத் தசை எழும்பாது. சிலருக்கு உள்ளே தழும்பு திரண்டு முட்டியை நீட்டவிடாமல் அடைத்துக்கொள்ளும், அதற்கு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். "அக்கா, தலையணைய எடுங்க. கம்பளிய உருட்டி குதிகாலுக்குக் கீழ வைங்க, முட்டி அந்தரத்துல தொங்கட்டும்" என்றேன். "வலிக்கும்னு அழுவுறா சார்." "அஞ்சு நிமிசம் அழட்டும், ஒரு நாளைக்கு ஆறு தடவ." அம்மாவுக்கு என்மேல் கோபம்தான். மூன்றாவது வாரம் முட்டி முழுதாக நீண்டு, இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் நின்றபோது அந்தக் கோபம் போயிற்று.

முதல் மாதத்து மற்ற வேலைகளைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முட்டிக்குக் கீழே மடித்த துண்டை வைத்து நசுக்குவது, முட்டி தளராமல் காலை நேராகத் தூக்குவது, குதிகாலைத் தரையில் இழுத்து டாக்டர் சொன்ன அளவுக்கு மடக்குவது, கணுக்காலை ஆட்டுவது. முட்டிக்குள் நீர் கோத்திருக்கும் வரை தொடையின் முன்தசை தூங்கிப்போகும், உடம்பே அதை அணைத்து வைத்துவிடும். அதனால் வீக்கத்தை வடிய வைப்பதும் தசைப் பயிற்சிதான். முக்கியமாக ஒன்றுக்கு உடனே டாக்டரிடம் ஓடச் சொல்வேன். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் சூடும் வந்தால் அது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்ததாக இருக்கலாம். கோவைக்கு செக்கப் போகும் பஸ்ஸில் மணிக்கணக்காகக் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டியிருப்பதால், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

முதல் மூன்று வாரம் ரோட்டோரத்தில் இருந்த சித்தி வீட்டில் தங்கினாள். அப்புறம் லைன் வீட்டுக்குப் போனாள், கொஞ்ச நாளில் பள்ளிக்கூடமும் தொடங்கினாள். பத்தாவது வாரத்தில் தினமும் சாயங்காலம் முட்டி வீங்க ஆரம்பித்தது. பயிற்சியைக் குறைத்தேன், வீங்கியது. மாற்றிப் போட்டேன், அப்போதும் வீங்கியது. என் மூளைக்கு எட்டவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அவளோடு வீடு வரை நடந்தேன்.

பஸ் நிற்கும் ரோடு மேலே, லைன் கீழே. நடுவில் கல் படி, எண்ணினேன், 62. ஒன்று ஒரு ஜாண், அடுத்தது இரண்டு ஜாண். ஓரத்தில் பிடிக்க ஒன்றுமில்லை, மழையில் பாசி வேறு. கீழே போனதும் பையை வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு இன்னும் கீழே இருக்கும் குழாய்க்கு இறங்கினாள். நான் கிளினிக்கில் 'மூன்று செட், பதினைந்து தடவை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவள் முட்டி அதற்கு வெளியே இன்னொரு முழுப் பயிற்சியைத் தினமும் செய்துகொண்டிருந்தது.

ஏற்றம் முட்டிக்கு அவ்வளவு பெரிய விஷயமில்லை. மூச்சு வாங்கும், தொடை எரியும். இறக்கம் வேறு. ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி போர்டு வைத்திருப்பது எதற்கு? பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும், இன்ஜின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும். தொடைத் தசை அந்த இன்ஜின். அது இளைத்துக் கிடக்கும்போது இறங்கினால் அத்தனை பாரமும் முட்டிச் சில்லுக்கும் குருத்தெலும்புக்கும் போய்ச் சேரும். சமவெளியில் எழுதிய பயிற்சித் தாளில் இந்தக் கணக்கு இருக்காது. நான் கோவையில் படித்து வந்தவன், என் தாளிலும் இல்லை.

அன்று ராத்திரியே திட்டத்தை மாற்றி எழுதினேன். பள்ளி நாட்களில் அந்த 62 படிதான் பயிற்சி, கூட வேறெதுவும் கிடையாது. ஏறும்போது சாதாரணமாக மாற்றி மாற்றி ஏறலாம். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், நல்ல கால் பின்னால், படிக்குப் படி இரண்டு காலும் சேர வேண்டும். கையில் ஒரு தடி. குடம் தம்பிக்குப் போனது, அவனுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. பாரப் பயிற்சி புதன், சனி, ஞாயிறு மட்டும். புதன்கிழமை சித்தி வீட்டில் தங்கிக்கொள்வது என்று பேசி முடித்தோம். பத்தே நாளில் சாயங்கால வீக்கம் நின்றது. பயிற்சியைக் கூட்டி நான் ஒன்றும் சாதிக்கவில்லை, அவளுடைய நாளில் எங்கே பாரம் விழுகிறது என்று தெரிந்துகொண்டேன். இப்போது யார் வந்தாலும் முதல் கேள்வி, "வீடு ரோட்டுக்கு மேலயா, கீழயா?"

இறங்கக் கற்றுக்கொடுக்கச் செங்கல் எடுத்தேன். படுக்கப் போட்டால் ஒரு செங்கல் சுமார் மூன்று அங்குலம். அதன்மேல் ஆபரேஷன் காலில் நின்று, நல்ல காலின் குதிகாலை மெதுவாக, மூன்று எண்ணி, தரையைத் தொட்டு மேலே வர வேண்டும். எதிரே கண்ணாடி. முட்டி உள்பக்கம் சாய்ந்து கட்டைவிரலைத் தாண்டினால் அந்தத் தடவை கணக்கில் சேராது. எட்டு எட்டாக மூன்று செட். மறுநாள் காலை வீக்கமில்லை என்றால் இரண்டு செங்கல், அப்புறம் மூன்று. மூன்று செங்கல்லில் முட்டி சாயாமல் எட்டு தடவை வந்த பிறகுதான் கல் படியில் மாற்றி மாற்றி இறங்க அனுமதி. அவளுக்கு அது நாலரை மாதத்தில் வந்தது. அதற்குள் முட்டி சாய்வதைத் தம்பியே கண்டுபிடித்துக் கத்த ஆரம்பித்திருந்தான், குடத்துக்குப் பழிவாங்குகிற மாதிரி.

பாரத்துக்கு ஜிம் கிடையாது. பள்ளிக்கூடப் பையில் மணல் பாக்கெட். பிசியோ பயிற்சி என்றாலே ரப்பர் பட்டையைப் பிடித்து முப்பது தடவை ஆட்டுவது என்று ஒரு பழக்கம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. அது முதல் மாதத்துக்குச் சரி. விளையாடுகிற பிள்ளைக்குத் தொடை திரும்ப வளர வேண்டுமென்றால் எட்டு தடவையிலேயே 'இன்னும் இரண்டுதான் முடியும்' என்று தோன்றுகிற பாரம் வேண்டும். நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுவது, ஒரு காலை முன்னால் வைத்து இறங்குவது, படுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்குவது, கெண்டைக்காலுக்கு விரலில் எழும்புவது. உட்கார்ந்து முட்டியை நீட்டும் பயிற்சியைக் கண்டு பலர் பயப்படுவார்கள். 90 பாகையிலிருந்து 45 வரை மட்டும் என்று எல்லை வைத்துத் தொடங்கி, டாக்டரிடம் கேட்டு மெல்ல விரித்தால் அதைவிட நன்றாக முன்தொடையை எழுப்புவது வேறில்லை. வலிக்கென்றும் ஒரு அளவு வைத்திருந்தோம். பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை, மறுநாள் காலையில் இருக்கக் கூடாது. எழுந்ததும் இரண்டு முட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிவைத்துப் பார்ப்பாள். சில்லின் இரண்டு பக்கமும் குழி தெரிந்தால் இன்றைக்குப் பயிற்சி, குழி மூடியிருந்தால் ஓய்வு.

அளப்பதற்குத்தான் நான் அதிகம் அலைந்தேன். பெரிய ஊரில் தசையின் பலத்தை அளக்க லட்சக்கணக்கில் மெஷின் உண்டு. எங்கள் ஊரில் கொழுந்து எடை போடும் தொங்கு தராசு உண்டு. கொழுந்து ஏஜென்ட் ஒருவரிடம் டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கிவந்தேன். பிள்ளையை மேசையில் உட்கார வைத்து, முட்டி 90 பாகையில் இருக்க, கணுக்காலில் பெல்ட், பெல்ட்டில் தராசு, தராசின் மறுகொக்கி மேசைக்காலில். "உதை!" என்றால் எண் வரும். மூன்று தடவை உதைத்ததில் பெரியது எதுவோ அதுதான் கணக்கு. நாலாம் மாதம் இவளுக்கு நல்ல கால் 38 கிலோ, ஆபரேஷன் கால் 21. அதாவது 55 சதவீதம். நடையைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. "இதுக்குத்தான் சார் ஓட விட மாட்டேங்கிறீங்களா?" ஆமாம், இதுக்குத்தான். அன்றைக்கு அளந்திருந்தால் அந்தக் கால்பந்துப் பையனுக்கும் இப்படி ஒரு எண்ணைக் காட்டியிருப்பேன்.

ஓட்டத்துக்கு என் கணக்கு இது: முட்டி முழுதாக நீள வேண்டும், வீக்கம் கூடாது, பலம் 70 சதவீதமாவது வேண்டும், நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் ஆடாமல் எழ வேண்டும். அவள் அதைத் தொட்டது ஐந்தரை மாதத்தில். காந்தி மைதானத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். மைதானத்துக்கு வர முடியாத நாளில் எஸ்டேட் ரோட்டில் மேல்நோக்கி ஓடிவிட்டு, இறக்கத்தில் நடந்து வர வேண்டும். ஏற்ற ஓட்டத்தில் தரையின் அடி குறைவு. இந்த ஒரு விஷயத்தில் மலை நமக்கு உதவி செய்கிறது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் மட்டும் காலைப் பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிடுவேன். அந்தக் குளிரில் பிள்ளைகள் உடம்பைச் சூடாக்காமல் நேரே குதிக்கப் போய்விடுகிறார்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் குதித்தல். முதலில் குதிப்பதல்ல, இறங்குவது. ஒரு செங்கல் உயரத்திலிருந்து இரண்டு காலில் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். சத்தம் கேட்டால் முட்டி வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம் ஒற்றைக் கால், அப்புறம் பக்கவாட்டில், அப்புறம் திரும்புவது. கபடிக்குத் தனியாக ஒரு வரிசை போட்டோம்: ஆளில்லாத களத்தில் ரெய்டு, பிறகு தொட மட்டும் செய்யும் ஒருத்தி, பிறகு பிடிக்கும் ஒருத்தி, கடைசியில் சங்கிலி, கைகோத்துப் பிடிக்க வருகிறவர்கள். முதல் நாள் ஆளில்லாத களத்திலேயே போனஸ் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டாள். கால் போகவில்லை. பலம் இருந்தது, பயமும் இருந்தது. விழுந்த இடம் அதுதானே. ஒரு வாரம் அந்தக் கோட்டுக்கு நடந்து போய் நடந்து வரச் சொன்னேன், வேறெதுவும் செய்யவில்லை. மனசு தயாராகாத பிள்ளையை எண்ணைக் காட்டி அனுப்புவதும் தப்புதான்.

ஒன்பதாம் மாதம் சோதனை. டேப்பை விரித்து ஒற்றைக் காலில் ஒரு தாவல்: நல்ல கால் 142 சென்டிமீட்டர், மற்றது 129. தாவலில் தேறினாள். தராசில் 43-க்கு 37, 86 சதவீதம். நான் வைத்திருக்கும் கோடு 90. தாவலில் தேறிவிட்டதே என்று விடக் கூடாது, இடுப்பையும் கணுக்காலையும் வைத்து முட்டியின் குறையை மறைத்துத் தாவப் பிள்ளைகளுக்குத் தெரியும். இன்னொன்று, நல்ல காலும் இத்தனை மாதத்தில் இளைக்கும். அதோடு ஒப்பிட்டு 90 வந்தால் அது பொய் 90. அதனால்தான் முதலிலிருந்தே இரண்டு காலுக்கும் பயிற்சி. மாவட்டப் போட்டி அடுத்த வாரம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய பள்ளி டீச்சர் போனில், "பத்து நிமிசம் மட்டும் இறக்கிக்கலாமா சார்?" என்றார். முடியாது என்றேன். அவள் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை, ஆனால் பயிற்சிக்கு வந்தாள்.

பத்தரை மாதத்தில் 44-க்கு 41. கோவையில் டாக்டரும் பார்த்துச் சரி என்றார். முதல் ஆட்டத்தில் பத்து நிமிடம், அடுத்ததில் ஒரு பாதி, அதற்கு அடுத்ததில் முழுசாக. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் '11+' என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது, சுமார் 20 நிமிடம். கால்பந்து அணிகளில் காயங்களைக் கணிசமாகக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. அதிலிருந்து கபடிக்குப் பொருந்துகிறவற்றை எடுத்து டீச்சரிடம் கொடுத்தேன். இப்போது அணி முழுக்கச் செய்கிறது. சாதாரண நாளில் நன்றாகச் செய்கிறார்கள், போட்டி நாளில் மறந்துவிடுகிறார்கள்.

13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இன்னும் திறந்திருக்கும், ஆபரேஷன் முறையே வேறாக இருக்கலாம். நான் அவர்களுக்கு ஒரு வருடத்துக்குக் குறைவாகப் பேசுவதில்லை. திட்டமும் விளையாட்டு மாதிரிதான் இருக்க வேண்டும், செட் கணக்கெல்லாம் அந்த வயதில் நாலு நாள்கூடத் தாங்காது.

அந்தக் கால்பந்துப் பையன் இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு விளையாட்டை விட்டுவிட்டான். ஹட்டியில் சின்னப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான். யாருக்காவது முட்டியில் அடிபட்டால் என்னிடம் கூட்டிவருவது அவன்தான். சோதனை நாளில் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பான், எண்ணை அவன் வாயால்தான் சொல்வான்.

போன மாதம் அந்தப் பெண் பிளஸ் டூ பரீட்சை என்று ஐந்து வாரம் பாரப் பயிற்சியை விட்டிருந்தாள். களத்துக்குத் திரும்பிய பிறகும் வாரம் இரண்டு நாள் என்பது ஒப்பந்தம். பரீட்சை முடிந்து வந்தவளை மேசையில் உட்கார வைத்தோம். 41 இருந்த இடத்தில் 38. பையன் எண்ணைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அவள் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய், மூலையில் கிடந்த செங்கல்லில் இரண்டை எடுத்துவந்து கண்ணாடிக்கு முன்னால் போட்டாள்.